கையில் ஒரு கல்: பெயர் சொல்லும் முன் செய்து பார்க்க வேண்டியவை

ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் எடுத்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "இது என்ன கல்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு இணையத்தில் படம் தேட ஆரம்பித்தால், கையில் இருக்கும் கல்லை விட்டுவிட்டுத் திரையில் இருக்கும் கல்லைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். வெள்ளைக் கல் ஒன்றுக்கு இருபது பெயர் கிடைக்கும். இருபதும் பொருந்துகிற மாதிரியே இருக்கும். ஆரம்பத்தில் நான் சேர்த்த கற்களில் பாதிக்கு மேல் தப்பான பெயர் ஒட்டியிருந்தது இப்படித்தான்.

பெயரைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கீறிப் பாருங்கள், தேய்த்துப் பாருங்கள், உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், தூக்கி எடை பாருங்கள். நாலைந்து சோதனை முடிவதற்குள் பெயர் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டாலும் அந்தக் கல் எப்படி உருவானது என்பது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் பெயரைவிட அதுதான் சுவாரசியம்.

கனிமம் எது, பாறை எது

மெருகேற்றிய கிரானைட் பலகை ஒன்று கிடைத்தால் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டம் கட்டமாக இருப்பது ஃபெல்ஸ்பார். அவற்றின் இடுக்குகளில் கண்ணாடித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். கறுப்புச் செதில்களாக மின்னுவது பயோட்டைட். காக்காப்பொன் என்கிறோமே, அந்த மைக்காவின் கறுப்பு வகை. இந்த மூன்றும் கனிமங்கள். மூன்றும் இறுகிச் சேர்ந்திருக்கும் கட்டிதான் பாறை.

இயற்கையில் தானாக உருவாகி, திடமாக இருந்து, இன்ன கலவை என்று சொல்லக்கூடியதாகவும், அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டதாகவும் இருப்பது கனிமம். இந்தக் கணக்கில் பனிக்கட்டி ஒரு கனிமம், தண்ணீர் இல்லை. எரிமலைக் கண்ணாடிக்குள் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் அது கனிமம் ஆகாது. தாவரங்களிலிருந்து வந்த நிலக்கரியும் ஆகாது. விதிவிலக்கு இல்லாத விதி ஏது? இயற்கையில் கிடைக்கும் பாதரசம் திரவமாக இருந்தும் கனிமப் பட்டியலில் இடம் பிடித்திருக்கிறது.

சர்வதேச கனிமவியல் சங்கம் ஏற்றுக்கொண்ட கனிமங்கள் சுமார் 6,000 இருக்கின்றன. பயப்பட வேண்டாம். புவியோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ஸ்பார் வகைகள்தான். அடிக்கடி கண்ணில் படும் கனிமங்கள் இருபது முப்பதைத் தாண்டாது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கனிமத்தின் குணங்கள் எல்லாம், எந்த அணு இருக்கிறது என்பதோடு அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தவை. வைரமும் பென்சில் கரியாகிய கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான். கிராஃபைட்டில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருப்பதால் காகிதத்தில் உரிந்து ஒட்டிக்கொள்கிறது. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நாலு பக்கமும் கைகோத்து நிற்பதால் அதைக் கீற வேறொரு வைரம்தான் வேண்டும்.

என்னென்ன வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் சின்னக் கைலென்ஸ் ஒன்று. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றவை வீட்டிலேயே கிடைக்கும்: பேனாக்கத்தி, தடிமனான கண்ணாடித் துண்டு, செம்புக் கம்பி, பூச்சு இல்லாத பீங்கான் (தரை ஓட்டின் பின்பக்கம் போதும்), காந்தம், வினிகர், ஒரு சொட்டுக்குழல், டிஜிட்டல் தராசு. கல்லை உடைக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஆணி அடிக்கும் தச்சுச் சுத்தியலால் கல்லை உடைக்கக் கூடாது. கடினமாக்கிய அந்த எஃகு முகத்திலிருந்தே சில்லு தெறிக்கும். அதற்கென்று பாறைச் சுத்தியல் இருக்கிறது.

லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று பலருக்கும் தெரிவதில்லை. கல்லின் மேல் வைத்து எட்ட நின்று பார்க்கக் கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெளிவாகத் தெரியும்வரை கல்லை லென்ஸுக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும்.

முதல் வேலை: புது முகத்தைத் தேடுங்கள்

மழையும் காற்றும் பட்ட கல்லின் மேல்தோல் பொய் சொல்லும். உள்ளே கன்னங்கரேல் என்றிருக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை, வெளியே துருப்பிடித்த பழுப்பாக இருக்கும். அதனால் சமீபத்தில் உடைந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலையில் சில்லு எடுங்கள். எடுப்பதற்கு அந்த இடத்தில் அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

புது முகத்தில் லென்ஸ் வைத்ததும் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே: கல் முழுக்க ஒரே பொருளா, பல பொருட்களின் கூட்டா? ஒரே பொருள் என்றால் நேராகக் கனிமச் சோதனைகளுக்குப் போகலாம். கூட்டு என்றால் உங்கள் கையில் இருப்பது பாறை. அதில் இருப்பதிலேயே பெரிய துகளைப் பிடித்து அதே சோதனைகளைச் செய்யுங்கள்.

நிறத்தைப் பாருங்கள், நம்பாதீர்கள்

கண்ணுக்கு முதலில் தெரிவது நிறம்; முதலில் ஏமாற்றுவதும் அதுதான். சுத்தமான குவார்ட்ஸுக்கு நிறமே கிடையாது. துளி இரும்பு கலந்து, பாறைக்குள் இருக்கும் இயற்கைக் கதிரியக்கமும் பட்டால் ஊதாவாகி செவ்வந்திக்கல் என்று பெயர் வாங்குகிறது. அதே குவார்ட்ஸ் மஞ்சளாகவும், ரோஜா நிறத்திலும், புகை படிந்த மாதிரியும் வரும். மாணிக்கமும் நீலக்கல்லும் இரண்டுமே குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம்.

பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்பக்கத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று ஒரு பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. அது மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கனிமம். ராஜாக்களே ஏமாந்திருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம்!

நிறத்தை ஓரளவு நம்பக்கூடிய சில கனிமங்களும் உண்டு. மாலகைட்டின் பச்சை, அசுரைட்டின் நீலம், கந்தகத்தின் மஞ்சள். இவற்றில் நிறம் தருவது கலப்படம் இல்லை, கனிமத்தின் சொந்தச் சரக்கு. அதனால் மாறுவதில்லை.

தேய்த்துத் தூளைப் பாருங்கள்

கட்டியின் நிறம் மாறினாலும் தூளின் நிறம் அவ்வளவாக மாறாது. பூச்சில்லாத பீங்கானில் கல்லை அழுத்தி ஓர் அங்குலம் இழுங்கள். ஹேமடைட் என்ற இரும்புத் தாது சிலசமயம் எஃகு மாதிரி வெள்ளிச் சாம்பலாக மின்னும். அதை இழுத்தால் பீங்கானில் விழுவது செம்மண் நிறக் கோடு! முதல்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது. தோற்றத்தில் அதற்குப் பங்காளி மாதிரி இருக்கும் மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், காந்தத்திலும் ஒட்டும். பொன் மாதிரி மின்னும் பைரைட்டின் கோடு பச்சை கலந்த கறுப்பு. உண்மையான தங்கத்தின் கோடு தங்க நிறமேதான்.

பீங்கானின் கடினம் பத்துக்கு ஏறக்குறைய 7 (அந்த அளவுகோல் அடுத்து வருகிறது). அதைவிடக் கடினமான கனிமம் கோடு போடாது, பீங்கானைத்தான் கீறும். வெளிர் நிறக் கனிமங்கள் எல்லாமே வெள்ளைத் தூள்தான் தரும் என்பதால் அங்கே இந்தச் சோதனை அதிகம் உதவாது.

கையோடு பளபளப்பையும் குறித்துவிடுங்கள். உலோகம் மாதிரி மின்னுகிறதா, இல்லையா என்ற ஒரு பிரிவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். இல்லை என்றால் கண்ணாடி, முத்து, பட்டு, மெழுகு, மண் என்று எதைப் போல இருக்கிறது என்பதை உங்களுக்குத் தோன்றுகிற சொல்லிலேயே எழுதுங்கள்.

கீறிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறுகிறது என்பது மட்டும்தான் அளவுகோல். 1 டால்க், 2 ஜிப்சம், 3 கால்சைட், 4 ஃப்ளூரைட், 5 அபடைட், 6 ஆர்த்தோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார், 7 குவார்ட்ஸ், 8 புஷ்பராகம், 9 குருந்தம், 10 வைரம். இது வெறும் வரிசை எண். சம தூரத்தில் வைத்த படிக்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 9க்கும் 10க்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. வைரம் குருந்தத்தைவிட ஏறக்குறைய நாலு மடங்கு கடினம்.

இந்தப் பத்தும் கையில் இருக்க வேண்டியதில்லை. விரல் நகம் சுமார் 2.5, செம்பு 3ஐ ஒட்டி, கண்ணாடி 5.5, சாதாரணக் கத்தி முனையும் ஏறக்குறைய அதுவே. நகம் கீறினால் டால்க், ஜிப்சம் பக்கம். நகம் தோற்று, கத்தி சுலபமாகக் கீறினால் கால்சைட், ஃப்ளூரைட் பக்கம். கத்தி தோற்று, கல் கண்ணாடியைக் கீறினால் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் அல்லது அதற்கும் மேலே.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. நான் விழுந்தே எழுந்தேன். வெள்ளைக் கல் ஒன்றைக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தேன், பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. குவார்ட்ஸ் என்று சீட்டு எழுதி ஒட்டியும் ஆயிற்று. பல மாதம் கழித்து அதே கண்ணாடியை ஈர விரலால் துடைத்தபோது அந்தக் கோடு காணாமல் போய்விட்டது. கண்ணாடி கீறப்படவே இல்லை. கல்தான் தேய்ந்து தன் தூளை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வினிகர் விட்டுப் பார்த்ததில் நுரைத்தது, கால்சைட்! அன்றிலிருந்து, கோடு விழுந்ததும் துடைப்பேன், அப்புறம் நகத்தால் தடவுவேன். நகம் பள்ளத்தில் தடுக்கினால்தான் அது கீறல்.

இன்னொன்று. மணற்கல் மாதிரித் துகள்கள் ஒட்டிய பாறையைக் கத்தியால் கீறினால் துகள்கள் உதிரும். அதை 'மென்மை' என்று எழுதிவிடக் கூடாது. உதிர்வது ஒட்டு விட்டதால். துகள் ஒவ்வொன்றும் கடினம் 7 உள்ள குவார்ட்ஸாகவே இருக்கலாம்.

வேடிக்கையான ஒரு கனிமமும் உண்டு. கயனைட் என்ற நீலப் பட்டை வடிவப் படிகத்தை நீளவாக்கில் கத்தியால் கீறலாம். குறுக்கே இழுத்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். ஒரே படிகம், திசைக்கொரு கடினம். அணுக்கட்டு ஒரு திசையில் நெகிழ்ந்து, இன்னொரு திசையில் இறுகியிருப்பதுதான் காரணம்.

உடைந்த விதத்தைப் பாருங்கள்

அணுக்கட்டில் பலவீனமான தளங்கள் இருந்தால் கனிமம் அந்தத் தளங்களிலேயே பிளக்கும். மைக்காவுக்கு ஒரே திசைதான். நகத்தாலேயே ஏடு ஏடாக உரிக்கலாம். ஃபெல்ஸ்பாருக்கு இரண்டு திசை, ஏறக்குறையச் செங்கோணத்தில். உப்புப் படிகத்துக்கு மூன்று திசை, மூன்றும் செங்கோணம். அதனால்தான் கல்லுப்பை லென்ஸில் பார்த்தால் குட்டிக் கனசதுரங்கள் தெரிகின்றன. கால்சைட்டுக்கும் மூன்று திசைதான், ஆனால் கோணம் சாய்ந்தது: சுமார் 75, 105 டிகிரி. யாரோ ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்த்துவிட்ட பெட்டி மாதிரி இருக்கும். ஃப்ளூரைட்டுக்கு நாலு திசை.

குவார்ட்ஸில் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம் என்பதால் அது பிளப்பதில்லை, முறிகிறது. முறிந்த இடம் சங்கின் உட்புறம் போல வளைவு வளைவாக இருக்கும். தடித்த கண்ணாடி உடைந்த ஓரத்தில் இதே வளைவைப் பார்த்திருப்பீர்கள். கல்லாயுதம் செய்தவர்கள் சக்கிமுக்கிக் கல்லையும் எரிமலைக் கண்ணாடியையும் தேடிப் போனது இந்த முறிவுக்காகத்தான். ஓரம் கத்தி மாதிரி கூராக வரும்.

புதியவர்கள் இங்கே குழம்புவது படிக முகத்துக்கும் பிளவு முகத்துக்கும் நடுவில். குவார்ட்ஸுக்கு அழகான ஆறு பக்கத் தூண் வடிவம் உண்டு. அது வளர்ந்த வடிவம், உடைந்த வடிவம் இல்லை. உடைத்தால் அந்த முகங்கள் திரும்ப வராது. பிளவு அப்படியல்ல, உடைக்க உடைக்க அதே கோணத்தில் வந்துகொண்டே இருக்கும். கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். படிப்படியாக இருக்கும் பல சின்னத் தளங்கள் ஒரே நொடியில் சேர்ந்து 'பளிச்' என்று மின்னினால் அது பிளவு.

வளர்ந்த வடிவத்திலும் ஒழுங்கு இருக்கிறது. குவார்ட்ஸ் தூண் ஒல்லியோ குண்டோ, கோணலோ நேரோ, பக்கத்து முகங்கள் சந்திக்கும் கோணம் எப்போதும் 120 டிகிரிதான். இந்தக் கோண ஒழுங்கை 1669இல் கவனித்தவர் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க்காரர். அதே ஆண்டில் இன்னொரு டென்மார்க்காரர் ராஸ்மஸ் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த தெளிந்த கால்சைட் வழியாகப் பார்த்தால் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிவதை எழுதி வைத்தார். தெளிந்த கால்சைட் துண்டு கிடைத்தால் இந்த வரியின் மேலேயே வைத்துப் பாருங்கள்.

எடை, வினிகர், காந்தம்

சாதாரணமாகக் கிடைக்கும் கனிமங்கள் பெரும்பாலும் தண்ணீரைவிட 2.5 முதல் 3 மடங்கு கனமானவை. குவார்ட்ஸ் 2.65. பாரைட் 4.5, பைரைட் 5, கலீனா 7.5. கலீனாவைத் தூக்கும்போது 'இத்தனை சின்னக் கல்லா இவ்வளவு கனம்?' என்று தோன்றும். அதில் இருப்பது ஈயம். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

துல்லியமாக வேண்டும் என்றால் தராசு இருக்கவே இருக்கிறது. முதலில் கல்லை எடை போடுங்கள், 106 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் தட்டக் கூடாது. தராசு 40 காட்டினால், 106ஐ 40ஆல் வகுக்க 2.65. நூல் மட்டும்தான் செலவு. கல்லில் ஓட்டை உடைசல் இருந்தால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

வினிகர் ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பாருங்கள். கால்சைட் என்றால் குட்டிக் குட்டிக் குமிழிகள் எழும். ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்துச் செய்வார்கள், அதில் சீறும். வினிகரில் மெதுவாகத்தான் வரும். கத்தியால் சுரண்டித் தூளாக்கி விட்டால் வேகம் கூடும். கால்சைட்டுக்கு நெருங்கிய உறவான டோலமைட் தூளாக்கினால்தான் அமிலத்துக்கே அசையும்.

நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சில கனிமங்களில் ஈயம், ஆர்செனிக், பாதரசம் இருக்கும். பஞ்சு நூல் மாதிரி இழை இழையாகப் பிரியும் கனிமத்தைச் சுரண்டவும் வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

இப்போது அந்த வெள்ளைக் கல்லுக்கே வருவோம். நகம் கீறினால் ஜிப்சம். கத்தி கீறி, வினிகரில் நுரைத்து, சாய்ந்த பெட்டியாகப் பிளந்தால் கால்சைட். கத்தி கீறுகிறது, நுரை இல்லை, கை தொங்கும் அளவுக்குக் கனம் என்றால் பாரைட். கண்ணாடியைக் கீறி, தட்டையான படிகளாகப் பிளந்தால் ஃபெல்ஸ்பார். கண்ணாடியைக் கீறி, சங்கு முறிவு காட்டினால் குவார்ட்ஸ். ஐந்தும் வெள்ளை. பிரித்துக் காட்டியதில் நிறத்துக்குப் பங்கே இல்லை.

இனி பாறை: துகள்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

பாறை என்றதும் மூன்று வகையை மனப்பாடம் செய்ய வேண்டாம். லென்ஸை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இருக்கின்றனவா, ஒட்டவைத்த மாதிரி இருக்கின்றனவா, ஒரே பக்கம் படுத்திருக்கின்றனவா? கோத்தது தீப்பாறையாக (பாறைக்குழம்பு ஆறி இறுகியது) இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டியது படிவுப்பாறை. படுத்தது உருமாறிய பாறை. விதிவிலக்குகள் வரும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோத்திருப்பது ஏன்? பாறைக்குழம்பு ஆறும்போது கனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகமாகின்றன. முதலில் வருவதற்கு இடம் தாராளமாக இருக்கும், நினைத்த வடிவில் வளரும். கடைசியில் வருவது மிச்சமுள்ள இடுக்குகளை நிரப்பும். இந்த வரிசையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்மன் போவன் என்ற புவியியலாளர் உலையில் உருக்கி உருக்கிக் கண்டுபிடித்தார். சூடு அதிகமாக இருக்கும்போதே ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் வந்துவிடும். குவார்ட்ஸ் கடைசி வரிசை. கிரானைட்டில் குவார்ட்ஸ் இடுக்குகளில் உட்கார்ந்திருப்பதாக மேலே சொன்னேனே, காரணம் இதுதான். பந்திக்குக் கடைசியில் வந்தவர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

துகளின் அளவு, குழம்பு ஆறிய வேகத்தைச் சொல்லும். பூமிக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில், நிதானமாக ஆறினால் கண்ணுக்குத் தெரியும் பெரிய படிகங்கள்: கிரானைட், காப்ரோ. வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் பொடிப் படிகங்கள்: ரயோலைட், பசால்ட். படிகமாகவே நேரமில்லை என்றால் எரிமலைக் கண்ணாடி. வாயுக் குமிழிகளோடு உறைந்தால் நுரைக்கல், தண்ணீரில் மிதக்கும். கிரானைட்டும் ரயோலைட்டும் கலவையில் ஒன்று, ஆறிய இடம்தான் வேறு. பொடித் துகள்களுக்கு நடுவே சில பெரிய படிகங்கள் மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தால், அந்தக் குழம்பு கொஞ்ச காலம் ஆழத்தில் நின்றுவிட்டு அப்புறம் அவசரமாக மேலே வந்திருக்கிறது.

குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிப்பதும் உண்டு. வட அயர்லாந்தின் ஜெயண்ட்ஸ் காஸ்வே கடற்கரையில் சுமார் 40,000 பசால்ட் தூண்கள் நிற்கின்றன, பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்டவை. காய்ந்த குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடிக்கிற அதே சங்கதிதான், வெப்பம் குறைந்ததால் நடந்தது.

சரி, அந்தக் கிரானைட் மேலே வந்து மழையில் நனைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெல்ஸ்பாரைத் தண்ணீர் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடும். குவார்ட்ஸ் அசைந்துகொடுக்காது, மணலாக உதிரும். ஆறு இரண்டையும் சுமந்துகொண்டு போய், வேகம் குறைகிற இடத்தில் மணலை இறக்கும். தண்ணீர் தூங்குகிற இடத்தில்தான் களிமண் இறங்கும். மணல் இறுகி மணற்கல். களிமண் இறுகி, ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை. உலகக் கடற்கரைகளில் குவார்ட்ஸ் மணல் இவ்வளவு இருப்பதன் ரகசியம் இந்தப் பிடிவாதம்தான்.

படிவுப்பாறையில் துகளின் வடிவத்தைப் பாருங்கள். கூழாங்கல்லாக உருண்டிருந்தால் நெடுந்தூரம் உருண்டு வந்தவை. மூலை மழுங்காமல் கூராக இருந்தால் பக்கத்திலேயே உடைந்து விழுந்தவை. அடுத்து, ஒட்டு எது? சிவப்பாக இருந்தால் இரும்பு ஆக்சைடு. துகள்களுக்கு நடுவே வினிகர் நுரைத்தால் கால்சைட். இரண்டும் இல்லாமல் மிக இறுக்கமாக இருந்தால் சிலிக்கா.

எல்லாப் படிவுப்பாறையும் உடைந்த துகளால் ஆனதில்லை. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடல் உயிர்களின் ஓடு. கடல்நீர் ஆவியாகி விட்டுச்சென்ற உப்பும் ஜிப்சமும் வேறு. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பை இழந்து வற்றியது. அன்று படிந்த உப்பு இன்றும் அதன் தரைக்கு அடியில் கெட்டியாகக் கிடக்கிறது.

அடுக்குகளைப் படிக்கும் விதியும் ஸ்டெனோவுடையது, அதே 1669: கலைக்கப்படாத அடுக்கில் கீழே இருப்பது மூத்தது. கலைந்துபோன அடுக்குக்குப் பேர்போன இடம் ஸ்காட்லாந்தின் சிக்கர் முனை. அங்கே செங்குத்தாக நிற்கும் பழைய அடுக்குகளின் தலைமேல் சிவப்பு மணற்கல் ஏறக்குறையப் படுத்த வாக்கில் கிடக்கிறது. கீழடுக்கு படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் மறுபடி மணல் படிய எத்தனை காலம் வேண்டும்? 1788இல் படகில் போய் இதைப் பார்த்த ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், பூமியின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்க முடியாது என்பதற்கு அந்தப் பாறையையே சாட்சியாக நிறுத்தினார்.

உருகாமல் மாறுவது

உருமாறிய பாறையைப் பற்றிப் பரவலாக இருக்கும் தப்பு, அது உருகி மாறியது என்பது. உருகினால் அது தீப்பாறை ஆகிவிடும். இது திடமாக இருந்தபடியே, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உள்ளுக்குள் மறுபடி படிகமானது. சுண்ணாம்புக்கல் பளிங்காகும், மணற்கல் குவார்ட்சைட் ஆகும். களிப்பாறையின் பயணம் இன்னும் நீளம்: முதலில் சிலேட், அப்புறம் ஃபில்லைட், சிஸ்ட், கடைசியில் வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையாகப் பிரிந்த நைஸ். மைக்கா மாதிரித் தட்டையான துகள்கள் அழுத்தம் வந்த திசைக்குக் குறுக்கே படுத்துக்கொள்வதால்தான் இந்தப் பாறைகளில் ஏடும் பட்டையும் வருகின்றன. களிப்பாறையா சிலேட்டா என்று சந்தேகம் வந்தால் தட்டிப் பாருங்கள். களிப்பாறை 'டொக்' என்னும். சிலேட் கணீரென்று கேட்கும்.

எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் மாறியது என்பதையும் சில கனிமங்கள் காட்டிக்கொடுக்கும். கயனைட், ஆண்டலூசைட், சில்லிமனைட் மூன்றுக்கும் வேதிக் கலவை ஒன்றே. அழுத்தம் அதிகமான இடத்தில் கயனைட், அழுத்தம் குறைந்த இடத்தில் ஆண்டலூசைட், சூடு மிகுந்த இடத்தில் சில்லிமனைட். 1893இல் ஜார்ஜ் பாரோ என்ற புவியியலாளர் ஸ்காட்லாந்து மலைகளில் நடந்து, கார்னெட் எங்கே தலைகாட்டுகிறது, கயனைட் எங்கே, சில்லிமனைட் எங்கே என்று குறித்து, பாறைகளில் சூடு எந்தத் திசையில் ஏறியிருக்கிறது என்பதையே வரைபடமாக்கிவிட்டார்.

பளிங்கும் குவார்ட்சைட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கத்தியும் வினிகரும் நொடியில் பிரித்துவிடும். குவார்ட்சைட்டா மணற்கல்லா என்பதற்கு உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். மணற்கல் துகள்களைச் சுற்றிக்கொண்டு உடையும், முகம் சொரசொரப்பாக இருக்கும். குவார்ட்சைட் துகள்களை ஊடுருவி உடையும், முகம் சர்க்கரைக்கட்டி மாதிரி மினுங்கும்.

கறுப்பான, கனமான, காந்தம் ஒட்டும் கல் கிடைத்தால் உடனே 'விண்கல்' என்று குதிக்காதீர்கள். பீங்கானில் இழுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், செங்கோடு விழுந்தால் ஹேமடைட். உள்ளே குமிழி ஓட்டைகள் இருந்தால் எரிமலைக் கல்லாகவோ உலைக் கசடாகவோ இருக்கும். விண்கற்களில் அப்படிப்பட்ட ஓட்டைகள் அநேகமாக இருக்காது.

மூன்று வகையையும் ஒரே துகள் கடந்து வந்த கதை ஒன்று இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில், உருமாறிய கூழாங்கல் பாறை ஒன்றுக்குள் சிர்க்கான் என்ற கனிமத்தின் துகள்கள் கிடைத்தன. பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அதற்குள் இருக்கும் மூத்த சிர்க்கானுக்கு 440 கோடி. ஏதோ ஒரு குழம்பில் படிகமாகி, அந்தத் தீப்பாறை கரைந்து போக, ஆற்று மணலோடு உருண்டு, கூழாங்கல் பாறைக்குள் சிக்கி, பிறகு அந்தப் பாறையோடு சேர்ந்து வெந்திருக்கிறது. பிறந்த பாறை இன்று இல்லை. சிர்க்கான் மட்டும், 7.5 கடினத்தோடு, அப்படியே இருக்கிறது.

சீட்டு எழுதுவது

கடைசி வேலை, சலிப்பான வேலை, தவிர்க்கக் கூடாத வேலை. கல்லின் ஒரு மூலையில் வெள்ளை வண்ணம் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் எண் எழுதுங்கள். நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே எடுத்த இடம், தேதி, தரையோடு ஒட்டிய பாறையிலிருந்து எடுத்ததா சும்மா கிடந்ததா, சோதனைகளில் வந்த விடைகள் என்று வரிசையாக எழுதுங்கள். ஆற்றில் சும்மா கிடந்த கல் எங்கிருந்து வந்ததோ யார் கண்டது. எடுத்த இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். என் நோட்டில் இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே 'குவார்ட்ஸ்' அடிக்கப்பட்டு, 'கால்சைட்' என்று திருத்தியிருக்கிறது. முப்பத்தொன்றுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான்.